வெயிலும் சர்க்கரையும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு



சென்ற மாதம் நம் வளாகத்தில் நடந்த மருத்துவ முகாமில் நம்மில் பலரும் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று மாலை பார்க் பெஞ்சில் ஒரே பேச்சுதான். "உங்களுக்கு டி எவ்வளவு சார்?" "பதினொன்று. உங்களுக்கு?" "எனக்குப் பதினாலு." ஒரு காலத்தில் நாங்கள் டி.ஏ. எத்தனை சதவீதம் ஏறியது என்று இப்படித்தான் விசாரித்துக்கொள்வோம். இப்போது அந்த இடத்துக்கு வைட்டமின் டி வந்துவிட்டது.

அன்று இரவே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். வைட்டமின் டி குறைந்தால் சர்க்கரை நோய் வரும், டி-யை ஏற்றிவிட்டால் சர்க்கரை நோய் வராது என்று அதில் இருந்தது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை நம்பி நான் ஒரு வருடத்தைக் கோட்டை விட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் ஒரு கணக்கு எங்கே தொடங்கியது, எந்தப் பதிவு எதன் மேல் நிற்கிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. இந்த விஷயத்திலும் அப்படிப் போனேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

வளைந்த கால்களில் தொடங்கிய கதை

வைட்டமின் டி-யின் வரலாறு சர்க்கரையில் தொடங்கவில்லை, எலும்பில் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வில்போல் வளைந்துபோகும் நோய் பரவியது. அதுதான் ரிக்கெட்ஸ். 1650ல் பிரான்சிஸ் கிளிசன் என்ற மருத்துவர் இதைப் பற்றி விரிவான நூல் எழுதினார். காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

அதன்பின் தொழிற்சாலைகள் வந்தன. ஊரெங்கும் நிலக்கரிப் புகை, குறுகிய சந்துகள், வெளிச்சம் நுழையாத வீடுகள். ரிக்கெட்ஸ் இன்னும் பெருகியது. 1822ல் போலந்து மருத்துவர் ஷ்னியாடெட்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். வார்சா நகரத்துக்குள் வளரும் குழந்தைகளுக்கு நோய் வருகிறது. சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு வருவதில்லை. வெயில்தான் வித்தியாசம் என்றார். எடுபடவில்லை.

1890ல் தியோபால்ட் பாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதையே வேறு வழியில் சொன்னார். ஜப்பானில் மிஷனரி மருத்துவராக இருந்தபோது அவர் ரிக்கெட்ஸைக் கண்டதில்லை. இங்கிலாந்து திரும்பினால் எங்கு பார்த்தாலும் வளைந்த கால்கள். இந்தியா, சீனா என்று பல நாடுகளில் இருந்த மருத்துவர்களிடம் தகவல் கேட்டுத் திரட்டினார். சாப்பாடு மோசமாக இருந்தாலும் வெயில் தாராளமாக இருக்கும் ஊர்களில் இந்த நோய் அரிது என்று எழுதினார். அதுவும் பல வருடம் கிடப்பில் கிடந்தது.

நம் நாட்டிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. 1922ல் நாசிக்கில் செய்த ஓர் ஆய்வில், வீட்டை விட்டு வெளியே வராமல் கோஷா முறையில் வாழ்ந்த வசதியான குடும்பங்களில்தான் ரிக்கெட்ஸ் காணப்பட்டது. அவர்களைவிட மோசமாகச் சாப்பிட்டு, வெயிலில் வேலை செய்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் தப்பித்தார்கள். வெயில் கொளுத்தும் நாட்டில் வாழ்ந்தால் மட்டும் போதாது, அந்த வெயில் உடம்பில் பட வேண்டும் என்பது நூறு வருடம் முன்பே தெரிந்துவிட்டது. பி பிளாக் இரண்டாம் மாடியில் ஏ.சி. போட்டுத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியவில்லை.

எண்ணெயும் விளக்கும்

1919ல் இரண்டு பேர் இரண்டு வேறு திசையிலிருந்து இந்தப் புதிரை அணுகினார்கள். இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற குறைந்த உணவு கொடுத்து ரிக்கெட்ஸை வரவழைத்தார். காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் குணமாயிற்று. ஆகவே இது உணவுக் குறைபாடு என்றார். அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், புற ஊதாக் கதிர் வீசும் பாதரச விளக்கின் முன்னால் நோயுற்ற குழந்தைகளை உட்கார வைத்தார். எலும்பு கூடியது. ஒரு கையில் மட்டும் வெளிச்சம் பட்டபோதும் மறு கை எலும்பும் சேர்ந்து குணமானதை எக்ஸ்ரேயில் கண்டார். ஆக, தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது.

எண்ணெயா, வெயிலா? முதல் உலகப் போர் முடிந்து பசியில் கிடந்த வியன்னாவுக்குப் போன ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி, அங்கிருந்த மருத்துவமனைக் குழந்தைகளிடம் இரண்டையும் சோதித்தார். இரண்டுமே வேலை செய்தன.

1922ல் அமெரிக்காவில் மெக்காலம் என்பவர் அந்த மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதில் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்தார். அப்படியும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. அப்படியானால் உள்ளே இருப்பது வேறொரு பொருள். ஏ, பி, சி என்ற எழுத்துகள் ஏற்கெனவே போய்விட்டதால் இதற்கு டி என்று பெயர் வந்தது. வரிசை எண்தான், வேறு அர்த்தம் இல்லை.

அடுத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருள்களின் மேலேயே புற ஊதாக் கதிரைச் செலுத்தினால் அவற்றில் டி உண்டாகிறது என்று 1924ல் காட்டினார். காப்புரிமையில் வந்த பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே போகும்படி செய்தார். அதற்காக 1925ல் ஓர் அறக்கட்டளை அமைந்தது, இன்றும் நடக்கிறது. 1928ல் ஜெர்மனியின் அடால்ஃப் விண்டாஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ரால் வகைப் பொருள்களுக்கும் வைட்டமினுக்கும் உள்ள உறவை வெளிப்படுத்தியவர் அவர். நாம் பயந்து நடுங்கும் அதே கொலஸ்ட்ரால் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள்தான் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி ஆகிறது.

1968லிருந்து 1971க்குள் மீதிக் கணக்கும் நேரானது. தோலில் உண்டான டி முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது. லேப் ரிப்போர்ட்டில் நாம் பார்க்கும் எண் இந்த இரண்டாம் கட்டப் பொருளுடையது. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்துதான் வேலைக்குத் தயாராகிறது. உடம்பே செய்து, ரத்தம் வழியாக அனுப்பி, வேறிடத்தில் வேலை வாங்குவதால் இதை வைட்டமின் என்பதைவிட ஹார்மோன் என்பதே பொருத்தம்.

கணையத்தின் கதவு

சரி, சர்க்கரை எங்கே உள்ளே வந்தது? 1980ல். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆண்டனி நார்மனும் அவருடைய சகாக்களும் வைட்டமின் டி இல்லாத எலிகளின் கணையத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை சேர்ந்த திரவத்தை அதன் வழியே செலுத்தியபோது, டி போதுமான அளவு இருந்த எலிகளின் கணையத்தைவிட இன்சுலின் குறைவாகவே சுரந்தது. இன்சுலின் சுரக்கும் செல்களில் இந்த ஹார்மோன் வந்து உட்காருவதற்கான இடமும் இருப்பது தெரியவந்தது. எலும்புக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்த பொருளுக்குக் கணையத்திலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

அதன்பின் மனிதர்களிடம் தேடினார்கள். 1995ல் கிழக்கு லண்டனில் வாழும் வங்கதேச மக்களிடம் பார்பரா பவுச்சர் குழுவினர் ஆய்வு செய்தார்கள். டி குறைவாக இருந்தவர்களுக்கு இன்சுலின் சுரப்பும் குறைவாக இருந்தது. மாநிறத் தோல், மேகம் மூடிய ஊர், உடம்பு முழுக்க மூடிய உடை, சர்க்கரைக்குச் சாதகமான பரம்பரை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

2001ல் பின்லாந்திலிருந்து வந்த செய்திதான் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்நாட்டின் வட பகுதியில் 1966ல் பிறந்த 10,366 குழந்தைகளை 1997 வரை கவனித்திருந்தார்கள். அப்போது அங்கே கைக்குழந்தைகளுக்குத் தினமும் 2000 யூனிட் டி கொடுக்கும்படி பரிந்துரை இருந்தது. அந்த அளவை ஒழுங்காகப் பெற்ற குழந்தைகளுக்கு, குறைவாகப் பெற்றவர்களைவிட முதல் வகைச் சர்க்கரை நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருந்தது. இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இது முதல் வகை. சிறு வயதில் வந்து, இன்சுலின் ஊசி இல்லாமல் வாழ முடியாத வகை. நமக்கு ஐம்பதிலும் அறுபதிலும் வருவது இரண்டாம் வகை. வாட்ஸ்அப் செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இரண்டாம் வகைக்கு 2006ல் அமெரிக்க நர்ஸ்களின் ஆய்வு வந்தது. 83,779 பெண்கள், இருபது வருடக் கவனிப்பு. டி-யும் கால்சியமும் நிறைய எடுத்துக்கொண்டவர்களுக்கு, மிகக் குறைவாக எடுத்துக்கொண்டவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இவ்வளவையும் படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கு வந்தது.

என் சொந்தப் பற்று வரவு

மூன்று வருடம் முன்பு என் ரிப்போர்ட்டில் டி 11, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2. இந்தச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் பொடி. தினமும் முக்கால் மணி நேரம் நடை, ராத்திரி அரிசிச் சோறு பாதி.

பொடி சுலபம். பாலில் கலக்கிக் குடித்தால் முடிந்தது. நடையும் பாதிச் சோறும் கஷ்டம். "டி ஏறினா சுகர் தானா இறங்கிடும்" என்று ஒரு உறவினர் அனுப்பிய வீடியோ எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. எட்டு வாரம் முடிந்தும் நானாகவே பொடியைத் தொடர்ந்தேன். முழங்கால் வலியைச் சாக்கு வைத்து நடையை விட்டேன். காபியில் சர்க்கரை திரும்ப வந்தது. "டாக்டர் எட்டு வாரம்னுதானே சொன்னார்?" என்று என் மனைவி கேட்டதற்கு, "நீ சும்மா இரு, இது வைட்டமின்தானே" என்றேன்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் டி 82. சர்க்கரைச் சராசரி 6.8. டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "சார், நீங்க கேட்டதுல ஒண்ணு ஏறிடுச்சு. கேட்காதது ஒண்ணும் ஏறிடுச்சு" என்றார். கால்சியம் பார்க்கச் சொன்னார். நல்ல வேளையாக அது எல்லைக்குள் இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. அளவு மீறிய டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, மனக் குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். இதுவும் புதிய பாடம் அல்ல. 1950களில் பிரிட்டனில் குழந்தைகளின் பால் பவுடர், தானிய மாவு என்று எல்லாவற்றிலும் டி சேர்த்தார்கள். சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி உடம்பு கெட்டது. பிறகு அளவைக் குறைத்தார்கள்.

ஆய்வுகள் அத்தனை சொல்லியும் எனக்கு ஏன் பலிக்கவில்லை? அதைத் தேடியபோதுதான் கதையின் அடுத்த பாதி கிடைத்தது.

லாக்கர் வைத்திருப்பவரும் டெபாசிட்டும்

எங்கள் கிளையில் லாக்கர் வைத்திருந்தவர்களின் பட்டியலையும் டெபாசிட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லாக்கர்காரர்களுக்குத்தான் டெபாசிட் அதிகம். அதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு லாக்கர் சாவி கொடுத்தால் எல்லோருடைய டெபாசிட்டும் ஏறிவிடும் என்று ஒரு மேனேஜர் முடிவு செய்தால் சிரிப்போமா இல்லையா? வசதி இருப்பவரிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கொண்டுவரவில்லை.

டி-யும் அப்படி இருக்கலாம். வெளியில் நடப்பவர்களுக்கு வெயில் படும், டி ஏறும். நடப்பதாலேயே சர்க்கரையும் குறையும். பருமனானவர்களுக்கு ரத்தத்தில் டி குறைவாகவே தெரியும், ஏனென்றால் அது கொழுப்பில் போய்த் தங்கிவிடும்; அதே பருமன் சர்க்கரையையும் கொண்டுவரும். அப்படியானால் குறைந்த டி என்பது காரணமா, வெறும் அடையாளமா?

இதைத் தீர்க்க ஒரே வழி, ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு டி-யும் பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. இப்படி மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. மூன்றிலும் எல்லைக்கோட்டில் நின்றவர்களையே சேர்த்தார்கள். அதாவது என்னைப் போன்றவர்களை.

முதலாவது நார்வேயின் ட்ரோம்சோ நகரில். முடிவு 2016ல் வந்தது. 511 பேர், வாரம் 20,000 யூனிட், ஐந்து வருடம். டி எடுத்த 256 பேரில் 103 பேருக்கும், எடுக்காத 255 பேரில் 112 பேருக்கும் நோய் வந்தது.

இரண்டாவது அமெரிக்காவில், டாக்டர் பிட்டாஸ் தலைமையில். முடிவு 2019ல் வந்தது. 2,423 பேர், தினம் 4000 யூனிட், சுமார் இரண்டரை வருடம். டி எடுத்தவர்களில் 293 பேருக்கும், எடுக்காதவர்களில் 323 பேருக்கும் நோய் வந்தது.

மூன்றாவது ஜப்பானில், 2022ல். அங்கே டி போலவே வேலை செய்யும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 630 பேரில் 79 பேருக்கும், எடுக்காத 626 பேரில் 89 பேருக்கும் வந்தது.

கவனித்தீர்களா? மூன்றிலும் வித்தியாசம் ஒரே பக்கம்தான் சாய்கிறது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால், தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்கும் அளவுக்குச் சிறியது. அதனால் மூன்று சோதனைகளும் "நிரூபிக்கப்படவில்லை" என்றே முடிந்தன.

2023ல் இந்த மூன்று சோதனைகளின் விவரங்களையும் ஒரே பேரேட்டில் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அப்போது விடை கொஞ்சம் தெளிந்தது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் டி எடுத்தால் நோய்க்குப் போகும் வாய்ப்பு 15 சதவீதம் குறைகிறது. 15 சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியும். தலைக் கணக்காகச் சொன்னால், நூறு பேர் மூன்று வருடம் எடுத்துக்கொண்டால் அதில் சுமார் மூன்று பேர் தப்பிப்பார்கள். மற்ற தொண்ணூற்றேழு பேருக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே முடிவுதான். அந்தக் கட்டுரை வந்த இதழிலேயே, அதிக அளவு டி கொடுப்பதில் எச்சரிக்கை தேவை என்றும் ஒரு தலையங்கம் வந்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிக்கச் சோதனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே டி போதுமான அளவு இருந்தது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் என்ன தெரியும்? தொடக்கத்தில் 12க்கும் கீழே இருந்த சிறு கூட்டத்தைத் தனியாகப் பார்த்தபோது பலன் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அது சோதனை முடிந்தபின் பிரித்துப் பார்த்த கணக்கு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் ஊரில் அந்த நிலையில் பலர் இருப்பதால் இது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

2024ல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை ஒட்டியே இருக்கிறது. நோய்க்குப் போகும் அபாயம் அதிகமுள்ள எல்லைக்கோட்டுக்காரர்களுக்கு, உணவு, உடற்பயிற்சி மாற்றங்களோடு சேர்த்து டி கொடுக்கலாம். வேறு காரணம் இல்லாத ஆரோக்கியமானவர்கள் எல்லோருக்கும் டி பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். "சேர்த்து" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் விட்டுவிட்டேன்.

நம் ஊர்க் கணக்கு

2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். நம் பார்க் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேராவது இந்தக் கணக்கில் வருகிறோம்.

டி குறைவும் நமக்குப் புதிதல்ல. 2000ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆரோக்கியமானவர்களையே சோதித்தபோது பலருக்கும் டி குறைவாக இருந்தது. வெயிலில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு, உள்ளே வேலை செய்யும் டாக்டர்களையும் நர்ஸ்களையும்விட அதிகமாக இருந்தது.

திருப்பதியில் செய்த ஓர் ஆய்வு நமக்கு மிகவும் பயன்படும். திருப்பதியும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகைதான். அங்கே வெயிலில் டி நன்றாக உண்டாகும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 2 வரை என்று கண்டார்கள். நாம் காலை ஐந்தரைக்கு நடக்கிறோமே, அதில் டி கிடைக்காது. சூரியன் சாய்வாக இருக்கும்போது தேவையான புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதில்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் கிடைக்காது; சூடு உள்ளே வரும், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அதற்காகக் காலை நடையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து அந்த நடைதான். இதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் இங்கே நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006ல் வந்தது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அதாவது நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பித்தார்கள். டி-யால் தப்பித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். ஆட்கள் வேறு, நாடு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே எடை போடக் கூடாது. ஆனாலும் எந்தக் கணக்கில் வட்டி அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவாக

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், அறிவுரை அல்ல. சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். முழங்காலுக்குத் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ராத்திரிச் சோறு பாதி. சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை விடுவதில்லை. டி பொடியை நானாக வாங்குவதில்லை. டாக்டர் எழுதிய குறைந்த அளவு மட்டும். போன மாதம் சராசரி 6.3. நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, கட்டுக்குள் இருக்கிறது. எல்லைக்கோட்டிலேயே நின்றிருக்க எனக்கு ஒரு வருடம் கிடைத்திருந்தது. அதைப் பொடியை நம்பித் தொலைத்தேன். உங்களில் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் அந்த வருடத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். டி குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள். நம் வயதில் கண்ணாடி போட்டுச் சீட்டை இரண்டு முறை படிப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எவ்வளவு டி ஏறினாலும் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று. மொட்டை மாடிக் கதவு பாதுகாப்புக்காகப் பூட்டியே இருக்கிறது, காரணம் புரிகிறது. செக்யூரிட்டியிடம் சாவி வைத்து, தினமும் 11 மணி முதல் 12 வரை மட்டும் திறந்துவிட்டால், வடாம் காயப்போடும் சாக்கிலாவது பத்துப் பேர் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்போம். 1890ல் டாக்டர் பாம் சொன்னதை நாம் இப்போதாவது கேட்டதாக இருக்கும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை வைக்கப் போகிறேன். ஆதரவு தாருங்கள்.

அன்புடன்,
பி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர்